பள்ளி முடிக்கும் முன் சிபிஆர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் ஒவ்வொருவரும் பள்ளியை விட்டுப் போகும் முன் சிபிஆர் என்ற உயிர்காக்கும் முதலுதவியைக் கற்றிருக்க வேண்டும் என்று விதி கொண்டுவரலாமா? இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அந்த விதியை ஆதரிப்பவன், அதை மறைத்துக்கொண்டு பதில் எழுதவில்லை. ஆனால் விதி எப்படி எழுதப்படுகிறது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மாணவரின் கை பயிற்சிப் பொம்மையின் நெஞ்சில் பட்டு, மூச்சிரைக்க அமுக்கிப் பழகாத எந்தப் பாடத்தையும் சிபிஆர் பாடம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

சிபிஆர் என்றால் என்ன?

இதயம் நின்றுபோன ஒருவரின் நெஞ்சை வெளியிலிருந்து கைகளால் அமுக்கி, இதயம் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்வது. பயிற்சி பெற்றவர்கள் இதோடு வாய்வழி மூச்சும் கொடுப்பார்கள். நன்றாக அமுக்கினாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு அல்லது அதைவிடச் சற்று அதிகம்தான் கிடைக்கும். அந்தக் கால் பங்குதான் மூளையைச் சாகாமல் வைத்திருக்கிறது.

இன்று நாம் அறிந்த முறை 1960-இல் உருவானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், நெஞ்சைப் பிளக்காமலே வெளியிலிருந்து அமுக்கி ரத்தத்தை ஓடவைக்க முடியும் என்று எழுதினார்கள். இதற்கு இரண்டு கைகள் போதும், யாரும் எங்கேயும் செய்யலாம் என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டார்கள். சாதாரண மனிதரின் கைக்கு வர வேண்டிய வித்தை இது என்பது தொடக்கத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

மாரடைப்பு வந்தவருக்குச் செய்வதுதானே இது?

இல்லை. இந்தக் குழப்பம் பெரியவர்களிடமே அதிகம். மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்பார், வியர்த்துக் கொட்டும். அவருக்கு நெஞ்சை அமுக்கக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ் வேண்டும். இதயம் நின்றுபோவது வேறு. அதில் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, ரத்தத்தைத் தள்ளும் துடிப்பே இல்லாமல் போகிறது. ஆள் சில நொடிகளில் சரிந்து விழுவார், தட்டினாலும் கூப்பிட்டாலும் அசைய மாட்டார். மாரடைப்பு முற்றி இதயம் நின்றுபோகலாம். மாரடைப்பே இல்லாமலும் நிற்கலாம்.

ஆம்புலன்ஸ் வந்து பார்த்துக்கொள்ளாதா?

ரத்த ஓட்டம் நின்ற நாலைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்குகிறது. யாரும் எதுவும் செய்யாமல் நின்றால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. உலகின் மிகச் சிறந்த ஆம்புலன்ஸ் சேவைக்கும் அழைப்பை எடுக்க, முகவரி கேட்க, வண்டியைக் கிளப்ப, மாடி ஏறி வர நேரம் வேண்டும். சிபிஆர் அந்த இடைவெளியைத் தாங்கிப் பிடிக்கிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே அமுக்கத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆகலாம்.

சரி, ஆனால் ஏன் பள்ளி மாணவர்கள்? பெரியவர்கள் கற்றுக்கொண்டால் போதாதா?

மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகும் நிகழ்வுகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு வீட்டில்தான் நடக்கின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா விழும்போது அம்மா வேலைக்குப் போயிருக்கலாம், தாத்தா விழும்போது பேத்தி மட்டும் பாடம் படித்துக்கொண்டிருக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளை அந்த வீட்டில் உள்ள ஒரே திடமான ஆளாக இருக்கக்கூடும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. விருப்பப் பயிற்சி வகுப்புகளுக்கு வருபவர்கள் யார்? நேரம் உள்ளவர்கள், பணம் கட்ட முடிந்தவர்கள், வேலை செய்யும் இடம் அனுப்பிவைத்தவர்கள். ஏழைக் குடியிருப்புகளில் இதயம் நின்று விழுபவருக்கு அருகில் இருப்பவர் சிபிஆர் செய்வது குறைவு என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த மக்களுக்கு அக்கறை குறைவு என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சி அங்கே போய்ச் சேரவே இல்லை. பணக்காரர் பிள்ளையும் கூலித் தொழிலாளி பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் பள்ளி ஒன்றுதான். கட்டாயம் என்ற சொல்லை நான் விரும்புவது இந்தச் சமத்துவத்துக்காக.

எந்த வயதில் தொடங்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரவளித்த 'கிட்ஸ் சேவ் லைவ்ஸ்' அறிக்கை, 12 வயது முதல் ஆண்டுக்கு 2 மணி நேரம் என்று பரிந்துரைத்தது. அந்த வயதுக்குக் காரணம் அறிவு மட்டும் இல்லை, உடல் எடையும்தான். 2007-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் 9, 10 வயதுப் பிள்ளைகளில் ஒருவரால்கூடப் பெரியவர்களுக்கு வேண்டிய ஆழத்துக்கு அமுக்க முடியவில்லை. 11, 12 வயதில் 19 விழுக்காட்டினரும் 13, 14 வயதில் 45 விழுக்காட்டினரும் அதை எட்டினார்கள்.

அதற்காகச் சின்னப் பிள்ளைகளை ஒதுக்க வேண்டியதில்லை. விழுந்தவரைத் தட்டிக் கூப்பிடுவது, அவசர எண்ணை அழைப்பது, பெரியவரை இழுத்து வருவது, எந்த இடத்தில் எப்படி அமுக்க வேண்டும் என்று வாயால் சொல்வது எல்லாம் அவர்களுக்கும் வரும். உயர்நிலை வகுப்புக்கு வரும்போது உடல் பலம் சேர்ந்துகொள்ளும். ஒரே ஒரு முறை மட்டுமே சொல்லித்தர முடியும் என்ற நிலை இருந்தால் உயர்நிலை வகுப்புதான் சரியான இடம்.

எந்த நாடுகளில் இது கட்டாயம்?

நார்வே 1961-லேயே பள்ளிகளில் இதைத் தொடங்கியது. அந்த நாட்டின் ஸ்தாவாங்கர் நகரில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முன்ட் லார்டல் என்பவர்தான் உலகம் முழுக்கப் பயிற்சியில் பயன்படும் 'ஆனி' என்ற மனித உருவப் பொம்மையை உருவாக்கினார். டென்மார்க் 2005-இல் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமத்துக்கும் அதையே நிபந்தனையாக்கியது. ஜெர்மனியில் மாநிலக் கல்வி அமைச்சர்களின் மன்றம் 2014-இல் 7-ஆம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு இரண்டு பாடவேளை என்று பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 2020 முதல் அரசுப் பள்ளிகளின் சுகாதாரக் கல்வியில் முதலுதவியும் சிபிஆரும் இடம்பெற்றுள்ளன.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. 2008-இல் ஐயோவா வழிகாட்டியது. 2011-இல் அமெரிக்க இதய சங்கம், பள்ளிப் படிப்பை முடிக்கவே இது நிபந்தனையாக வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. இன்று சுமார் 40 மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் விதி இருக்கிறது. 'ஏதோ ஒரு வடிவில்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலிஃபோர்னியாவில் அந்த விதி, சுகாதாரப் பாடத்தைத் தேர்ச்சிக்கு நிபந்தனையாக வைத்திருக்கும் பள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

சட்டம் போட்டுவிட்டால் பலன் வந்துவிடுமா?

டென்மார்க்கின் கணக்கு இரண்டு பக்கமும் பேசும், இரண்டையும் சொல்கிறேன்.

2001-இல் அங்கே இதயம் நின்றவர்களில் சுமார் 21 விழுக்காட்டினருக்குத்தான் அருகில் இருந்தவர்கள் சிபிஆர் செய்தார்கள். 2010-இல் அது 45 விழுக்காட்டை நெருங்கியது. 30 நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 ஆனார்கள். 2013-இல் வெளியான இந்த ஆய்வைப் பள்ளிப் பாடத்தின் வெற்றி என்று மட்டும் சொல்வது நேர்மை ஆகாது. ஓட்டுநர் உரிமப் பயிற்சி, பொது இடங்களில் ஏஇடி கருவிகள் (இதயத்தின் தாளத்தைச் சீராக்க மின்னதிர்ச்சி தருபவை), அவசர அழைப்பு மையத்தில் மருத்துவப் பணியாளர்கள், மருத்துவமனைச் சிகிச்சையில் முன்னேற்றம் எல்லாம் அதே காலத்தில் நடந்தன. பள்ளிப் பாடம் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

மறுபக்கம் இது. பள்ளிச் சட்டம் வந்து 8 ஆண்டு கழித்து அதே நாட்டில் எண்ணிப் பார்த்தபோது, பள்ளியை முடித்துப் போகும் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூடச் சிபிஆர் பயிற்சியை முடித்திருக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான நாட்டிலேயே இப்படி. சட்டத்தில் எழுதியது வகுப்பறைக்குள் வரவில்லை. யார் நடத்த வேண்டும், எந்த வகுப்பில், எந்தப் பொம்மையை வைத்து, நடந்ததா என்று யார் பார்ப்பது என்பதெல்லாம் விதியிலேயே இல்லையென்றால் அது சுற்றறிக்கையாகவே கிடக்கும். விதிக்காகப் போராடுபவர்கள் இந்த வரிகளுக்காகவும் அதே வேகத்தில் போராட வேண்டும்.

வகுப்பில் எதைச் சொல்லித்தர வேண்டும்?

முதலில், அடையாளம் காண்பது. தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது இயல்பாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாடி பார்த்து நேரத்தைக் கடத்தக் கூடாது. இதில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு இடைவெளி விட்டு விட்டுத் திணறல் போல, குறட்டை போல ஒரு மூச்சு வரும். சிலருக்கு வலிப்பு போலக் கை கால் இழுக்கும். 'மூச்சு வருகிறதே' என்று சுற்றி நிற்பவர்கள் கையைக் கட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அந்தத் திணறல் உயிர் திரும்புவதன் அறிகுறி இல்லை, சாவின் தொடக்கம். இதை வீடியோவில் ஒரு முறையாவது மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

அடுத்து, அவசர எண்ணை அழைத்து ஃபோனை ஸ்பீக்கரில் வைப்பது. மறுமுனையில் இருப்பவர் படிப்படியாக வழிநடத்துவார். கூட்டம் இருந்தால் பொதுவாகக் கத்தாமல், 'நீல சட்டை போட்ட அண்ணா, நீங்கள் ஃபோன் பண்ணுங்கள், அக்கா, நீங்கள் ஏஇடி கொண்டுவாருங்கள்' என்று ஆளைச் சுட்டிச் சொல்லப் பழக்க வேண்டும்.

பிறகு அமுக்குவது. ஆளைக் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்ற கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல், தோள் நேராகக் கைக்கு மேலே வரும்படி குனிந்து உடல் எடையால் அமுக்க வேண்டும். ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்ட வேண்டாம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும், அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் நிரம்பும். சோர்வு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடுவதால் 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். மாறும்போதும் இடைவெளி சில நொடிகளைத் தாண்டக் கூடாது.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா? என் பிள்ளைக்கு அது வேண்டாம்.

பெரியவர் ஒருவர் கண்ணெதிரே திடீரென்று சரிந்தால், பயிற்சி குறைந்தவர் கையால் அமுக்கினால் போதும் என்று அமெரிக்க இதய சங்கம் 2008-இல் அறிவித்தது. அவர் ரத்தத்தில் இன்னும் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் இருக்கும், அதை ஓடவைப்பதுதான் அவசரம். வகுப்பிலும் வாய் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை.

நீரில் மூழ்கியவர், மூச்சடைத்தவர், குழந்தைகள் இவர்களுக்கு நிலைமை வேறு. மூச்சு நின்றதால்தான் இவர்கள் இதயம் நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இவர்களுக்கு மூச்சும் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 30 முறை அமுக்கி 2 முறை ஊதுவது என்ற கணக்கு. நீர்நிலைகளுக்கு அருகில் வாழும் பிள்ளைகளுக்காவது இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

ஏஇடி என்பது என்ன? அதையும் மாணவர்கள் தொடலாமா?

தொடலாம், தொட வேண்டும். பெட்டியைத் திறந்து இயக்கியதும் அதுவே பேசும். படத்தில் காட்டியபடி இரண்டு ஒட்டுகளை வெற்று நெஞ்சில் ஒட்டினால் இதயத் துடிப்பைத் தானே அலசும். மின்னதிர்ச்சி தேவைப்படாதவருக்கு அது அதிர்ச்சி தராது. ஆகவே தவறான ஆளுக்குக் கொடுத்துக் கொன்றுவிடுவோம் என்ற பயம் வேண்டாம். ஈரமான நெஞ்சைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், அதிர்ச்சி தரும் நொடியில் யாரும் அவரைத் தொடக் கூடாது. விழுந்த 3 முதல் 5 நிமிடங்களுக்குள் அதிர்ச்சி கிடைத்தால் பாதிப் பேருக்கு மேல்கூடப் பிழைக்கிறார்கள்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் யூரோ கால்பந்துப் போட்டியில் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்ததையும், 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் விழுந்ததையும் கோடிக்கணக்கானோர் நேரலையில் பார்த்தார்கள். இருவருக்கும் மைதானத்திலேயே சிபிஆரும் ஏஇடி அதிர்ச்சியும் கிடைத்தன. இருவரும் மீண்டும் விளையாட வந்தார்கள். ஹாம்லினுக்கு நேர்ந்தது நெஞ்சில் பட்ட அடி ஒரு குறிப்பிட்ட கணத்தில் இதயத்தின் தாளத்தைக் குலைத்த நிகழ்வு. பள்ளி மைதானத்தில் பந்து நெஞ்சில் பட்டு ஆரோக்கியமான பிள்ளைக்கும் அதே நேரலாம்.

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம். இதற்கு நேரம் எங்கே?

ஒரு பாடவேளை. முடிந்தால் ஆண்டுக்கு இரண்டு. சிறிய காற்றடைத்த பொம்மையும் செய்முறை வீடியோவும் வைத்து 30 நிமிடத்தில் அடிப்படை அமுக்குதலைக் கற்றுத்தர முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். உடற்கல்வி, உயிரியல், சுகாதாரம் எதில் வேண்டுமானாலும் இதைப் பொருத்தலாம். இதய அறைகளின் படத்தை வரையவைக்கும் உயிரியல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறை எனக்குத் தெரியவில்லை.

மருத்துவரோ செவிலியரோ வந்துதான் நடத்த வேண்டுமா?

வேண்டாம். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் ஆறு ஆண்டுகள் மாணவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர்களிடம் கற்றவர்கள் அவசர மருத்துவர்களிடம் கற்றவர்களுக்குக் குறையாமல் செய்ததைக் காட்டியது. இது பெரிய நிம்மதி, ஏனென்றால் வெளியாள் வந்து நடத்தும் திட்டம் அந்த ஆள் வராத ஆண்டில் நின்றுபோகும். உடற்கல்வி ஆசிரியர், அறிவியல் ஆசிரியர் என்று பள்ளிக்கு இரண்டு பேரைப் பழக்கிவிட்டால் அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

பொம்மைகள் வாங்கப் பணம்?

எல்லா வகுப்புக்கும் ஒரே சமயத்தில் வேண்டியதில்லை. ஒரு தொகுதிப் பொம்மைகள் பல பள்ளிகளுக்குச் சுற்றிவரலாம். சென்சார் வைத்த விலை உயர்ந்த பொம்மைதான் வேண்டும் என்பதும் இல்லை. அமுக்கினால் கீழே போய் மேலே வரும், சரியான ஆழத்தில் 'டக்' என்று ஒலிக்கும் எளிய பொம்மை போதும். ஆனால் முப்பது பேருக்கு ஒரு பொம்மை வைத்து, இருவர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் வகுப்பை நான் ஏற்க மாட்டேன். நாலைந்து பேருக்கு ஒன்றாவது இருந்தால்தான் எல்லார் கையும் படும்.

டென்மார்க்கில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குச் சுமார் 35,000 காற்றடைத்த பொம்மைகளைக் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி ஒவ்வொரு பிள்ளையும் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. செலவைக் கணக்குப் போடும்போது வீட்டில் கற்றுக்கொண்ட அம்மாவையும் தம்பியையும் சேர்த்துப் போடுங்கள்.

யூடியூபில் பார்த்தால் தெரியாதா?

தெரியும், ஆனால் கை பழகாது. நீச்சலைப் பற்றிப் படித்தவர் நீந்த முடியாதது போலத்தான் இதுவும். பார்த்து மட்டும் கற்றவர்கள் பெரும்பாலும் மெதுவாக, ஆழமில்லாமல் அமுக்குவார்கள், ஏனென்றால் ஒரு மனிதரின் நெஞ்சை 5 சென்டிமீட்டர் அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது கைக்குத் தெரியாது. வீடியோ முன்னோட்டத்துக்கும் நினைவூட்டலுக்கும் நல்லது. அமெரிக்க மாநிலச் சட்டங்களில் நல்லவை கைப்பயிற்சி கட்டாயம் என்று தெளிவாகச் சொல்கின்றன.

தேர்வும் சான்றிதழும் உண்டா?

தேவையில்லை. சான்றிதழ் தரும் படிப்பென்றால் கட்டணம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநர், புதுப்பித்தல் என்று செலவு ஏறும். அந்தச் செலவைக் காட்டித்தான் திட்டமே கைவிடப்படும். இதை மதிப்பெண்ணாக மாற்றினால் பிள்ளைகள் படிநிலைகளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். செய்து காட்டினார் என்று ஆசிரியர் பதிவேட்டில் ஒரு குறி போட்டால் போதும்.

மறந்துபோய்விடாதா?

மறக்கும். மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே தரம் இறங்கத் தொடங்குகிறது. அதனால்தான் ஒரு முறை முழுநாள் பயிலரங்கத்தைவிட ஆண்டுதோறும் அரை மணி நேரம் நல்லது என்கிறேன். ஆனால் எல்லாம் மறந்தாலும் 'தட்டிப் பார், அழை, நடுநெஞ்சில் அமுக்கு' என்ற மூன்றும் பெரும்பாலும் தங்கிவிடும். கையைக் கட்டி நிற்பதோடு ஒப்பிட்டால் அந்த அரைகுறை நினைவும் மேல்.

தவறாகச் செய்தால்? விலா எலும்பு உடைந்தால்?

சரியாகச் செய்யும்போதும் விலா எலும்பு உடையலாம், வயதானவர்களுக்கு அது சகஜம். உடையும் சத்தம் கேட்டால் பயந்து நிறுத்தாமல், கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துத் தொடர வேண்டும். உடைந்த எலும்பு சேர்ந்துவிடும். இதயம் துடித்துக்கொண்டே மயங்கிக் கிடப்பவருக்குத் தவறுதலாக அமுக்கத் தொடங்கினால், அவர் அசைவார், முனகுவார், நிறுத்திவிடலாம். அதனால் பெரும் கேடு வருவது அரிது.

வழக்கு வருமா?

நல்லெண்ணத்தோடு உதவியவரைக் காக்கும் சட்டங்கள் பல நாடுகளில் உள்ளன, அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில் இருக்கின்றன. ஜெர்மனியில் நிலைமை நேர்மாறு: உதவ முடிந்தும் உதவாமல் போவதுதான் குற்றம். எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், உங்கள் நாட்டுச் சட்டத்தின் இரண்டு வரிகளை ஆசிரியர் வகுப்பிலேயே படித்துக்காட்ட வேண்டும்.

பெண்ணின் நெஞ்சில் கை வைப்பது பற்றி மாணவர்களிடம் எப்படிப் பேசுவது?

நேராகப் பேச வேண்டும். பொது இடத்தில் விழும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அருகிலிருப்பவர் சிபிஆர் செய்வது குறைவு என்று அமெரிக்க ஆய்வில் வெளிப்பட்டது: ஆண்களுக்கு 45 விழுக்காடு, பெண்களுக்கு 39. கூச்சம், யாராவது தவறாக நினைப்பார்களோ என்ற பயம், பெண் மென்மையானவள் காயப்பட்டுவிடுவாள் என்ற எண்ணம் எல்லாம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. பயிற்சிப் பொம்மைகளில் பெரும்பாலானவை ஆண் உடலாகவே இருப்பதும் உதவவில்லை.

கை வைக்கும் இடம் இருவருக்கும் ஒன்றே: நெஞ்செலும்பு. ஏஇடி ஒட்டுகளுக்காகத் துணியை விலக்க வேண்டியிருந்தால் விலக்கத்தான் வேண்டும். சுற்றி நிற்பவர்களை முதுகு காட்டி வட்டமாக நிற்கச் சொல்லி மறைவு ஏற்படுத்தலாம். இதை மாணவர், மாணவியர் இருவரும் சேர்ந்து இருக்கும் வகுப்பில் ஆசிரியர் தடுமாறாமல் சொன்னால், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடப் பக்குவமாகவே கேட்பார்கள். தயங்குவது பெரும்பாலும் நாம்தான்.

காப்பாற்ற முடியாமல் போனால் பிள்ளையின் மனம் உடைந்துவிடாதா?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். சிபிஆர் கிடைத்தவர்களிலும் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் சுமார் பத்தில் ஒருவரே உயிரோடு வீடு திரும்புகிறார். திரையில் நடிகர் இருமிக்கொண்டு எழுந்து உட்காருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விழுந்தவர் அந்த நேரத்தில் உயிரின் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறார், உன் கையால் அவர் நிலை மோசமாகாது, மேம்பட மட்டுமே முடியும், முடிவு உன் கையில் இல்லை என்று வகுப்பிலேயே தெளிவாக்க வேண்டும். பிறகு உண்மையில் அப்படி ஒன்று நடந்தால், அந்த மாணவரோடு பேச ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதும் பள்ளியின் திட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கும் மனம் உண்டு. பயிற்சி கொடுக்காமல் விடுவதால் அந்தப் பிள்ளையைத் துயரத்திலிருந்து நாம் காப்பாற்றிவிடவில்லை.

அண்மையில் வீட்டில் இப்படி ஒரு சாவைக் கண்ட மாணவர் வகுப்பில் இருந்தால், அவருக்கு முன்பே சொல்லி, விரும்பினால் வேறொரு நாளில் தனியாகக் கற்க வழி செய்ய வேண்டும்.

உடற்குறை உள்ள மாணவர்களுக்கு விலக்கு கொடுக்கலாமா?

அமுக்குவதிலிருந்து விலக்கு கொடுக்கலாம், பாடத்திலிருந்து வேண்டாம். சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவி அவசர எண்ணை அழைத்து, வேகத்தை எண்ணி, மற்றவரை வழிநடத்தி, ஏஇடியை இயக்கச் சொல்லலாம். உண்மையான நிகழ்விலும் நன்றாக வழிநடத்தும் ஒரு குரல் தேவைப்படுகிறது.

எங்கள் பள்ளியில் இது இல்லை. பெற்றோராக நான் என்ன கேட்க வேண்டும்?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்: எந்த வகுப்புக்கு, எந்தப் பாடவேளையில் ஒதுக்க முடியும்? எந்த இரண்டு ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம்? பொம்மைகளை யாரிடமிருந்து இரவல் வாங்கலாம்? ஆண்டு முடிவில் எத்தனை மாணவர்கள் உண்மையில் அமுக்கிப் பழகினார்கள் என்ற எண்ணிக்கையைப் பெற்றோருக்குச் சொல்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீர்கள், டென்மார்க்கில் சறுக்கியது அங்கேதான். பள்ளியில் ஏஇடி இருந்தால் அது எந்தச் சுவரில் இருக்கிறது, அதன் பேட்டரியையும் ஒட்டுகளையும் யார் சரிபார்க்கிறார்கள், மாலையில் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் அந்த அறைக் கதவு திறந்திருக்குமா என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.